இருபத்தாறாம் தேதிக் குப்பி

நவம்பர் 16, 2024. சனி

முதலமைச்சர் செத்து மூன்று நாள் பஸ் ஓடாத வருஷம் அது. அந்த வருஷம் சாமை பாலேறாமல் பதராகப் போனது. புளி மட்டும் கிளை ஒடியக் காய்த்தது. எங்கள் ஊர் புங்கங்கொல்லையில் முதன்முதலாக ஒரு வீட்டுக்கு ஓடு போட்டார்கள், அதுவும் ஒழுகியது. அந்த வருஷத்துக் கார்த்திகையில்தான் ஈ பிடிக்கிற அய்யா மலைக்கு வந்தார்.

இப்படிச் சொன்னால், ஈ ஆராய்ச்சிக்காக இப்போது மலைக்கு வருகிற கலையரசன் சாருக்கு ஆகாது. "தாத்தா, நம்பரா சொல்லுங்க" என்கிறார். எனக்கு நம்பர் எங்கே தெரியும்? மருமகள் சசிகலா போனைத் தடவிப் பார்த்துச் சொன்னாள், எண்பத்தேழு என்று. இருக்கும்.

இந்த நோட்டு சார் கொடுத்தது. அன்றன்று வைத்த வலை, அடித்த வெயில், பெய்த மழை எல்லாம் இதில் ஏற வேண்டுமாம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, சசிகலா எழுதுகிறாள். நாலு வரியில் முடிந்துபோகிறது. மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறதே என்று, "மனசுல இன்னா தோணுதோ சொல்லுங்க மாமா, எழுதறேன்" என்றாள். சார் கேட்டது கிழிக்கிற பக்கத்தில் போகும், இது நம்மோடு இருக்கும் என்றாள்.

ஆனால் நான் பேசுகிற மாதிரி எழுத மாட்டாள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள். வூடு என்றால் வீடு என்று எழுதுகிறாள். போகட்டும்.

முட்டி வலி.

நவம்பர் 19, செவ்வாய்

மஞ்சள் தட்டு பன்னிரண்டு. வலைக் கூடாரம் ஒன்று. வெயில். இது சாருக்கு.

மூன்று வருஷமாக இதே வேலை. காலையில் வேங்கை ஓடைக்கு இறங்க வேண்டும். சோப்புத் தண்ணீர்த் தட்டில் விழுந்ததை வடிகட்ட வேண்டும். கூடாரத்து உச்சியில் கட்டின ஸ்பிரிட் குப்பியைக் கழற்றி வர வேண்டும். இறங்குவது பரவாயில்லை. ஏறும்போது நாலு இடத்தில் உட்காருகிறேன்.

சாருக்கு எல்லா ஈயும் வேண்டாம். சிப்பாய் ஈ மட்டும் போதும். பேர்தான் சிப்பாய். கடிக்காது, கொட்டாது, துரத்தினால் பக்கத்து இலையில் போய் உட்காரும். உட்கார்ந்தால் ரெக்கை ரெண்டையும் கத்தரி மூடின மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து முதுகில் வைத்துக்கொள்ளும். சிலதுக்கு முதுகுக் கடைசியில் முள் இருக்கும். அழுகின பலாப்பழத்தில் ஒரு கறுப்பு வரும், அதன் இடுப்பில் வெளிச்சம் ஊடுருவும். அதைக் கண்ணாடி இடுப்பு என்று நான் சொல்வேன். சார் வாயில் நுழையாத ஒரு பேர் சொல்வார்.

"ரெக்கை நரம்பெல்லாம் முன்பக்கமா நெருங்கி, நடுவுல சின்னதா ஒரு அறை இருக்கும் தாத்தா. அத வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்" என்று லென்ஸைக் கொடுப்பார். என் கண்ணுக்கு அறையும் தெரியாது, திண்ணையும் தெரியாது. உட்காருகிற விதம் தெரியும். நான் பொறுக்கிக் கொடுத்தது இதுவரை தப்பியதில்லை.

ஜவ்வாது மலையில் எத்தனை வகை சிப்பாய் ஈ உண்டு என்று பட்டியல் போடுகிறார். முப்பத்தொன்று சேர்ந்துவிட்டது. ஒன்று பாக்கி.

நவம்பர் 23, சனி

அந்த ஒன்றின் படத்தை இன்று போனில் காட்டினார்.

ஊசியில் குத்தி வைத்த ஈ. முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தினது. அந்த ஈ பிடிக்கிற அர்ச்சுனன் அய்யா சேர்த்து, அவர் கல்லூரிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனது. இந்த மலையில் அந்த வகை கிடைத்தது அந்த ஒரு தடவைதான், ஒரே ஒரு ஈ. அதன் கீழே அரிசி நீளத்துக்கு ஒரு சீட்டு. சார் படித்துக் காட்டினார். "வேங்கை ஓடை, ஜவ்வாது மலை, 26 டிசம்பர் 1987."

ஈயின் வயிறு பழுத்த இலை மாதிரி மஞ்சளாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இது பச்சைங்க சார்" என்றேன்.

சார் திடுக்கிட்டுப் பார்த்தார். "பச்சையா?"

"அவரைப் பிஞ்சுப் பச்சை. செத்தப்புறம் மஞ்சளா ஆயிடும்."

"தாத்தா! நீங்க இத உசுரோட பாத்திருக்கீங்களா? எங்க?"

எங்கே என்று கேட்டுவிட்டார். நானும் சொல்லிவிட்டேன், "ஓடையில" என்று.

சார் அங்கேயே பாறையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டார். நிறம் பச்சை என்று கோடு போட்டுக் காட்டினார். மூன்று வருஷத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று எழுத ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "நேத்து பாதியில நிறுத்தினீங்க" என்கிறாள் சசிகலா. ஒன்றும் இல்லை என்றால் இல்லை.

டிசம்பர் 2, திங்கள்

புயல் மழை. ஓடை கூடாரத்தைக் கொண்டுபோய்விட்டது. "நல்லதாப் போச்சு, ரெண்டு நாள் கால நீட்டிப் படுங்க" என்றாள்.

டிசம்பர் 7, சனி

சார் மழையிலேயே வந்துவிட்டார். பாவம், காய்ச்சல் வேறு. இருமிக்கொண்டே ஓடையில் மூன்று நாள் வலை வீசினார். முப்பத்திரண்டாவது கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்.

மத்தியானம் எங்கள் வீட்டில் கேப்பைக் களி தின்றுவிட்டு, எழுதி வைத்ததைப் படித்தார். ஜனவரி ஐந்தாம் தேதி அனுப்பியாக வேண்டுமாம். எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'இந்த இனம் வேங்கை ஓடையில் இப்போது இல்லை. கால்நடைகள் இறங்கி ஓடையைக் கலக்கியதால் அழிந்திருக்கலாம்.'

"நம்ம மாடா?" என்றாள் சசிகலா.

"வேற காரணம் தெரியலங்க. அன்னைக்கு இருந்தது இன்னைக்கு இல்ல. நடுவுல மாறினது மாடு எண்ணிக்கைதான்."

"இத யார் படிப்பாங்க?"

"ஃபாரஸ்ட்ல கேட்டிருக்காங்க. ஓடையைச் சுத்தி வேலி போடலாமான்னு யோசிக்கறாங்க. நான் எழுதறது அதுக்கும் போகும்."

மாசி பங்குனியில் ஊரில் நாற்பது மாட்டுக்கும் அந்த ஒரு ஓடைத் தண்ணீர்தான். சசிகலா அதைச் சொன்னாள். குரலை உயர்த்தித்தான் சொன்னாள். சார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குதுங்க. ஆனா இருக்கறதத்தானே எழுதணும்" என்றார். நல்ல பிள்ளை. அதுதான் தொந்தரவு.



டிசம்பர் 8, ஞாயிறு

களி இறங்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

சசிகலா, நிறுத்தாமல் எழுது. நடுவில் கேள்வி கேட்காதே.

அர்ச்சுனன் அய்யாவுக்கு மாசம் முழுக்க மலையில் தங்க முடியாது. எனக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒரு வழி செய்தார். மூங்கில் கூடையில் குப்பிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் பென்சிலில் எழுதின சீட்டை முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டார். வேங்கை ஓடை, முதல் சனிக்கிழமை. வேங்கை ஓடை, ரெண்டாம் சனிக்கிழமை. மூன்று, நாலு. "வீரா, நீ வரிசையா எடு. அந்தந்த சனிக்கிழமை ஓடையில புடிச்சத அதுல போடு. எழுத்த நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று சனிக்கிழமை அப்படியே செய்தேன். தப்பு வராத ஏற்பாடு.

என் வீட்டுக்காரி மாணிக்கம்மாளுக்கு அப்போது தலைப்பிரசவம். மலையில் வைத்துக்கொள்ளப் பயந்து, ஒடுகத்தூர் பக்கத்தில் அவள் தம்பி காவல் இருந்த நெல் வயலுக்குக் கொண்டுபோய் விட்டோம். மோட்டார்க் கொட்டகையை ஒட்டி ஒரு குடிசை. அவள் அம்மாவும் அங்கே இருந்தாள். ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறதே என்றுதான் போனது. நான் புதன்கிழமை இறங்கினேன். கூடையையும் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை மலையேறிவிட்டால் சனிக்கிழமை ஓடைக்குப் போய்விடலாம் என்று கணக்கு.

வியாழக்கிழமை விடியும்போது முதலமைச்சர் செத்துப்போனார். பஸ் இல்லை, லாரி இல்லை, கடை இல்லை. அன்றைக்குத்தான் வலி எடுத்தது. மாட்டு வண்டி கேட்டேன், ரோட்டில் கல் விழுகிறது என்று யாரும் பூட்டவில்லை. பக்கத்துக் கொல்லை மருத்துவச்சிதான் பார்த்தாள். பெண் பிள்ளை. அழவில்லை, முனகிற்று.

வெள்ளி போனது. சனி. கூடையில் நாலாவது குப்பி காலியாக இருந்தது. காலியாகக் கொடுத்தால் அய்யா அடுத்த மாசம் வேறு ஆளைப் பார்ப்பார் என்று பயம். குடிசைக்குள் என்னை யாரும் சேர்க்கவில்லை. சும்மா உட்கார முடியவில்லை. வாய்க்கால் ஓரம் கோரைப்புல்லில் ஈ உட்கார்ந்திருந்தது. பச்சையாக. ரெக்கையைக் கத்தரி மாதிரி மடித்து. வலையைக் கொண்டு மூடினேன். குப்பியில் போட்டேன். வேங்கை ஓடை, நாலாம் சனிக்கிழமை என்று சீட்டு உள்ளே இருந்தது; அதுதான் இருபத்தாறாம் தேதி. எனக்கு அது வெறும் காகிதம்.

அது ஸ்பிரிட்டில் காலை உதைத்துக்கொண்டிருக்கும்போது வரப்பில் நின்று ஒருத்தன் கூப்பிட்டான். "உள்ள வா." நான் தக்கையை அழுத்திவிட்டுத்தான் போனேன். அழுத்திவிட்டுத்தான் போனேன் —

போதும்.

டிசம்பர் 11, புதன்

நேற்று எழுதி முடித்ததும் சசிகலா அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்று காலை கேட்டாள். "அவருக்கு மூத்தது ஒன்னு இருந்துச்சா மாமா?" அவர் என்றால் என் மகன் மோகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குத் தெரியாது. அவன் அம்மாவும் சொன்னதில்லை.

"அய்யாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?"

எப்படிச் சொல்வது? தை பிறந்து வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "வீரா, உன் ஓடை புதையல்டா" என்று முதுகில் தட்டினார். அந்தக் குப்பியைப் பற்றிப் பேசினால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு அவரும் செத்துப்போனார். ஓர் ஈதானே என்று நினைத்தேன். ஓர் ஈக்காக ஒரு பையன் மூன்று வருஷம் பாறை பாறையாக ஏறுவான் என்று யாருக்குத் தெரியும்?

"வரப்புல நின்னு கூப்ட்டது யாரு?" என்றாள்.

சொல்லவில்லை.

டிசம்பர் 14, சனி

சாரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை விஷயம் சொல்லவில்லை. குப்பி விஷயம் மட்டும். பஸ் நின்றது, கீழே மாட்டிக்கொண்டேன், வாய்க்காலில் பிடித்துப் போட்டேன் என்று.

அவர் தன் நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தாத்தா, மூணு வாரம் முன்னாடி ஓடையிலதான் பாத்தேன்னு சொன்னீங்க" என்றார்.

"அது பொய்ங்க சார்."

"அது பொய், இது நெஜம். மாடு விஷயம் வர்றதுக்கு முன்னாடி ஒன்னு, வந்தப்புறம் ஒன்னு."

நோட்டை மூடி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"உங்க மேல கோவம் இல்ல. ஊருக்காக சொல்றீங்க, புரியுது. நானா இருந்தாலும் சொல்லுவேன். ஆனா செத்துப்போன மனுஷர் சீட்ட நான் இப்படி வாய் வார்த்தைய வெச்சு அடிக்க முடியாது. பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க" என்றேன். "எல்லாம் போய்ட்டாங்க."

சசிகலா பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பொய் சொன்னபோது நம்பினார். உண்மையைச் சொன்னால் நம்பவில்லை. அவர் மேல் குற்றம் இல்லை.

டிசம்பர் 20, வெள்ளி

தட்டு பன்னிரண்டு. பனி. புதிதாக ஒன்றும் விழவில்லை. சார் என்னோடு முன் மாதிரி பேசுவதில்லை. வணக்கம் தாத்தா, குப்பி குடுங்க தாத்தா, அவ்வளவுதான். பொறுக்கிக் கொடுத்ததை அவரே மறுபடி ஒரு தடவை பொறுக்குகிறார்.

டிசம்பர் 26, வியாழன்

சசிகலா நேராகவே கேட்டாள். "பாத்தவரு இருக்காரு இல்ல? இருக்கறவர இல்லன்னு சொல்றீங்களா?"

இருக்கிறான். என் மச்சான். மாணிக்கம்மாளின் தம்பி. அதே ஒடுகத்தூர்ப் பக்கம், அதே வயலில்.

அன்றைக்கு அவன்தான் கூப்பிட்டான். நான் குப்பியோடு குடிசை வாசலுக்குப் போனேன். கையில் இருந்ததைப் பார்த்தான். "உள்ள புள்ள போயிடுச்சு, நீ ஈ புடிக்கறியா?" என்று கேட்டு அறைந்தான். அந்த அறையை நான் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகு அவன் பேரை என் வாயால் சொன்னதில்லை. மாணிக்கம்மாளிடம் பேசும்போதுகூட 'உன் தம்பி' என்றுதான். மூன்று வருஷத்துக்கு முன் அவள் செத்தபோது வந்தான், தூக்கினான், என்னைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டான். அவன் முன்னால் போய் நின்று, அன்றைக்கு நான் ஈ பிடித்தேன்தானே, இந்த சாரிடம் சொல் என்று கேட்க வேண்டுமாம்.

"மாசியில மாட்டுக்குத் தண்ணி எங்க காட்டறதுன்னு அதையும் நீங்களே சொல்லிடுங்க" என்றாள். எழுதுகிற கை இவளுடையது. இவளிடம் எதை மறைப்பது.

டிசம்பர் 29, ஞாயிறு

சாரிடம் சொன்னேன். ஒருத்தன் இருக்கிறான் என்று. "அன்னைக்கு இல்லன்னீங்க" என்றார். ஆமாம் என்றேன். வியாழக்கிழமை போகலாம் என்றார்.

ஜனவரி 2, 2025. வியாழன்

பஸ் மாறி மாறி மத்தியானத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். நானும் சாரும். உடம்பு முறிந்துவிட்டது. சாய்ந்துகொண்டுதான் சொல்கிறேன்.

வயலில் பாதி மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். மிச்சம் பாதியில் நெல் நிற்கிறது. வாய்க்கால் இருக்கிறது. மச்சான் மோட்டார்க் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"யாரது?"

"நான்தான் மச்சான்."

"எந்த நான்?" அப்புறம் சாரின் கையில் இருந்த வலையைப் பார்த்தான். "ஓகோ. ஈக்காரனா. இன்னுமா நீ புடிச்சு முடிக்கல?"

சார் சிரித்துவிட்டார், சட்டென்று அடக்கிக்கொண்டார். உட்காருங்க என்று அவருக்கு மட்டும் கட்டிலில் இடம் விட்டான். நான் நின்றேன்.

சார் மரியாதையாகக் கேட்டார். "ஐயா, எண்பத்தேழுல, பஸ் ஓடாதப்போ, இவர் இங்கதான் இருந்தாருங்களா?"

"இங்கதான் இருந்தான். தோ, அந்த வாய்க்கால்ல. குந்திக்கினு."

"இன்னா செஞ்சாரு?"

மச்சான் என்னைப் பார்த்தான். கடலையைக் கீழே வைத்தான். "இவன் சொல்லலியா?"

"ஈ புடிச்சேன்னு சொன்னாரு."

"அது மட்டுமா சொன்னான்?"

நான்தான் சொன்னேன். சாரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, வாய்க்காலைப் பார்த்துச் சொன்னேன். உள்ளே பிள்ளை இருந்தது, மூன்றாம் நாள், நான் வெளியில் இருந்தேன் என்று. சார் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டார்.

"அறைஞ்சேன்" என்றான் மச்சான். "கையில சின்னக் குப்பி. உள்ள பச்சையா ஒரு ஈ. இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. எங்கக்கா செத்தப்பகூட அந்த அறைய நெனச்சுத்தான் ஒம் மூஞ்சிய பாக்கல. அடிச்சிருக்கக் கூடாது. உள்ள உன்ன யாரும் விடல, நீ எங்க போவ? எனக்கு அப்ப இருபது வயசு. எவனையாவது அடிக்கணும் போல இருந்துச்சு, நீ எதிர்ல வந்த."

இதை ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

"நிக்கறியே, முட்டி சரியில்லன்னு அக்கா சொல்லுமே. குந்து" என்று தள்ளி உட்கார்ந்தான்.

சார் வலையை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். நாங்கள் கடலை உரித்தோம். வெயில் சாய்கிற நேரத்தில் சார் ஓடி வந்தார், சின்னப் பையன் மாதிரி. கண்ணாடிக் குழாயில் உயிரோடு ஒன்று. ரெக்கையை மடித்து உட்கார்ந்திருந்தது. நான் பார்க்கக் கேட்கவில்லை, அவரே என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பச்சை தாத்தா" என்றார்.

"ஆமாங்க."

பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஜனவரி 4, சனி

சார் இன்று மடிக்கணினியோடு வந்தார். மாடு என்ற வரியை எடுத்துவிட்டார். ஜவ்வாது மலைப் பட்டியலில் முப்பத்தொன்றுதான். முப்பத்திரண்டாவது அடிவாரத்து ஈ, மலை ஈ இல்லை என்று தனியாக எழுதியிருக்கிறார். மூன்று வருஷம் போச்சே என்று நான் சொன்னதற்கு, "போகல தாத்தா, எடம் மாறியிருக்கு" என்றார். முகத்தில் களைப்பு இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அர்ச்சுனன் அய்யா பேருக்குக் குறை வராமல், சீட்டு முன்கூட்டியே எழுதியதால் வந்த பிழை என்று போட்டிருக்கிறார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலி விஷயம் தெரியாது. அது ஆபீஸ் முடிவு. ஆனால் ஈயின் பேரால் வராது என்றார்.

கடைசியில் ஒன்று கேட்டார். இந்தத் திருத்தத்துக்கு யார் சொன்னது, யார் பார்த்தது என்று பேர் போட வேண்டுமாம். சொன்னது வீரன் என்று போட்டாகிவிட்டது. பார்த்தது யார்?

எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் குடிசையில் இருந்தவர்கள். மாமியார், இல்லை. மருத்துவச்சி, அடுத்த வருஷமே போய்விட்டாள். மாணிக்கம்மாள் இல்லை. பிள்ளை. அதற்குப் பேரே வைக்கவில்லை.

"ஒருத்தர் இருக்காரு இல்ல, அந்த ஐயா. அவர் பேரு இன்னா தாத்தா?"

சசிகலாவும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். வாய் கூசியது. சொன்னேன்.

குமரேசன்.